மீந்த மசாலும் மாலைக் கட்லெட்டும்

காலையில் தோசைக்கும் பூரிக்கும் கிளறிய உருளைக்கிழங்கு மசால் மதியத்துக்குள் தீராவிட்டால், மாலையில் அது கட்லெட்டாகிறது. அல்லது கடலைமாவில் தோய்த்த போண்டாவாகிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துச் சிறிய டிபன் கடைகளில் இது அன்றாட வேலை. 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய சாலைகளில், ஷிப்ட் முடிந்து வருபவர்கள் டீயோடு நின்றபடியே தின்ன ஏதாவது கேட்கிறார்கள். அந்த நேரத்துக்குத் தோசை சரிப்படாது.

கட்லெட் என்ற சொல் பிரெஞ்சு மொழியில் விலா எலும்போடு சேர்ந்த இறைச்சித் துண்டைக் குறித்தது. ஆங்கிலேயர் காலச் சமையலறைகள் வழியாக இங்கே வந்து, எலும்பை இழந்து, பிறகு இறைச்சியையும் இழந்து, ரயிலில் விற்கும் காய்கறிக் கட்லெட்டானது. இலங்கையில் மீனும் கிழங்கும் சேர்த்து உருண்டையாகப் பொரிப்பதையும் அதே பெயரால்தான் அழைக்கிறார்கள்.

தொழிற்பேட்டைப் பக்கம் பார்க்கப் போன கடையில் வேலை இருவருடையது. பிசைந்து தட்டுவது ஒரு பெண். எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்பவர் மாஸ்டர். சட்டியின் முன் நிற்பதே பெரிய வேலை என்று தோன்றும். பார்க்கப் பார்க்க, கட்லெட்டின் தலைவிதி அதற்கு முன்பே, பிசையும் கையில் முடிவாகிவிடுவது விளங்கும்.

காரணம் தண்ணீர். உருளைக்கிழங்கில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர்தான். தோசை மசாலில் வெங்காயமும் அதைத் தளர்த்த ஊற்றிய நீரும் சேர்கின்றன. அப்படியே தட்டிப் போட்டால், எண்ணெயில் அந்த நீர் ஆவியாகி வெளியேற வழி தேடும். கட்லெட் வெடித்துச் சிதறும். அதனால் மசாலை முதலில் இரும்புச் சட்டியில் சிறுதீயில் புரட்டி, சட்டியில் ஒட்டாமல் திரண்டு வரும்வரை வற்றவிடுகிறார்கள். பிறகு அகலத் தட்டில் பரப்பி ஆறவைக்கிறார்கள். சூட்டோடு பிசைந்தால் மாவுச்சத்து பசையாகிக் கையில் இழுபடும். ஆறும்போது அது இறுகுகிறது; ஆறிய சோறு விறைப்பதும் இதே காரணத்தால்தான். ஆறிய கிழங்கு வடிவம் நிற்கும் என்பதால், கட்லெட்டுக்கு மீந்த மசால் புதிதாக வேகவைத்த கிழங்கைவிட ஒரு படி மேல் என்றே சொல்லலாம்.

மிச்ச ஈரத்தை ரஸ்க் தூளோ பொட்டுக்கடலை மாவோ இழுத்துக்கொள்ளும். அளவு கிடையாது, உள்ளங்கையில் ஒட்டாமல் உருண்டால் போதும். மாவு கூடினால் கட்லெட் கல்லாகும், கிழங்கின் மணம் போய்விடும். உப்பும் காரமும் மாவில் மட்டுப்படுவதால் பச்சைமிளகாய், கொத்தமல்லி, சிட்டிகை உப்பு மறுபடி சேர்கின்றன. விரல் கனத்துக்குத் தட்டி, ஓரத்து விரிசல்களைக் கட்டைவிரலால் அடைக்கிறார் அந்தப் பெண். விரிசல் இருந்தால் எண்ணெய் அதன் வழியே நுழையும். பிறகு நீர்த்த மைதாக் கரைசலில் முக்கி ரஸ்க் தூளில் புரட்டுகிறார். நூற்றுக்கணக்கில் தட்டினாலும் கனம் மாறுவதில்லை. இந்தக் கைப்பழக்கத்துக்கு உரிய மதிப்பு கடைகளில் கிடைப்பதில்லை. மாஸ்டர் என்ற பட்டம் சட்டி முன் நிற்பவருக்கே போகிறது.

எண்ணெய் 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். மாஸ்டரிடம் அளவுமானி இல்லை. ஒரு சிட்டிகை ரஸ்க் தூளைப் போடுகிறார். உடனே பொரிந்து மேலே வந்தால் சரி. சூடு குறைந்தால் கட்லெட் எண்ணெய் குடிக்கும்; கூடினால் வெளியே கருகி உள்ளே குளிர்ந்திருக்கும். ஒரே தடவையில் நிறையப் போட்டாலும் எண்ணெய் குளிர்ந்துவிடும். கிழங்கு முன்பே வெந்தது. மேற்புறம் மொறுமொறுப்பாகி, நடுப்பகுதி ஆவி பறக்கச் சூடானதும் அரிகரண்டியால் எடுத்துவிடலாம்.

ஆவடியில் வேறொரு மரபும் உண்டு. கனரக வாகனத் தொழிற்சாலையும் படைத்துறைக் குடியிருப்புகளும் வட இந்தியக் குடும்பங்களைக் கொண்டுவந்த ஊர் அது. பானிபூரி வண்டிகளில் ஆலு டிக்கி தட்டையான கல்லில் கொஞ்சம் எண்ணெயில் மெல்லச் சிவக்கிறது. ரஸ்க் போர்வை இல்லை; கிழங்கே மொறுமொறுப்பான மேலோடாகிறது.

மீந்தது என்பதில் குறை இல்லை. எவ்வளவு நேரம், எந்தச் சூட்டில் கிடந்தது என்பதே கேள்வி. காலை மசால் குளிர்பெட்டியில் இருந்தால் மாலைக்கு உதவும். சென்னை வெக்கையில் வெளியே கிடந்தது உதவாது. நூல்விட்ட மசாலை யாரும் தொடமாட்டார்கள். ஆனால் சில கிருமிகளின் நச்சு மணத்தில் தெரியாது, பொரித்தாலும் அழியாது.

எண்ணெய்க்கும் ஆயுள் உண்டு. திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அதில் சேரும் சிதைவுப் பொருள்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. கடை வாசலில் அதை அளக்க முடியாது. கண்ணால் பார்க்க முடியும். எண்ணெய் கறுத்து, நுரைகட்டி, தீ தணிந்திருக்கும்போதே புகைந்தால், அந்தச் சட்டியிலிருந்து கட்லெட் வாங்காதீர்கள்.