பூஜையறையில் ஒரு கடல்

திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெரு நெரிசலைத் தாண்டிக் கிள்ளிப்பாலம் பக்கம் வந்தால் வலியசாலை. மகாதேவர் கோயிலை ஒட்டி, சுவரோடு சுவர் சேர்ந்த அக்கிரகாரத்து வீடுகள். ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தி பெருமையடித்துக்கொள்ளும் காந்தளூர்ச் சாலை இதுவே என்பது பலரின் முடிவு. அவன் அறுத்த 'கலம்' கப்பலா, சாப்பாட்டு உரிமையா என்ற சண்டை ஓயவில்லை. நான் போனது அதைவிடப் பழைய விவகாரத்துக்காக.

"மாமனாரோட தாத்தா காலத்துலேர்ந்து இருக்கு" என்று அந்த வீட்டு மாமி வெள்ளிக் கிண்ணத்தைக் காட்டுகிறார். உள்ளே எலுமிச்சை அளவில் கன்னங்கரேலென்று ஒரு சாளக்கிராமம். பக்கவாட்டில் சக்கரம் போல் சுருள் வரிகள்.

நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றிலிருந்து வரும் இந்தக் கல்லின் சுருள், அம்மோனைட் என்ற கடல் பிராணியின் ஓடு பதித்தது. இமயமலை எழும்புவதற்கு வெகுகாலம் முன்பு, அங்கே கடல் இருந்தபோது வாழ்ந்தது. பார்வைக்கு இன்றும் உயிரோடிருக்கும் நாட்டிலஸ் மாதிரி. ஆனால் உறவு அங்கே இல்லை. நாக்கிலுள்ள பல் வரிசையில் நாட்டிலஸுக்கு 13 உறுப்புகள், அம்மோனைட்டுக்கு 9. இந்த அமைப்பு கணவாய், ஆக்டோபஸ் கூட்டத்தோடுதான் ஒத்துப்போகிறது. முகஜாடையை நம்பிச் சம்பந்தம் பேசக்கூடாது என்பது இங்கேயும் சரி!

சுமார் 15 கி.மீ. தள்ளி விழிஞ்ஞத்தில் கூடையில் கிடக்கும் கூந்தலும் கணவாயும் இந்தச் சாளக்கிராமத்துக்குத் தூரத்துப் பங்காளிகள். சைவ அக்கிரகாரத்தில் இதை உரக்கச் சொல்லத் தயக்கமாக இருந்தது. ஓட்டை வெளியே சுமந்த முன்னோரிடமிருந்து வந்த இவை, அதை உடம்புக்குள் வாங்கிக்கொண்டன. நாட்டு மருந்துக் கடையில் 'கடல் நுரை' என்று விற்கிறார்களே, அது கணவாயின் உள்ளோடு. அதன் நுண்ணறைகளில் உள்ள வாயுதான் பிராணியை மிதக்கவைக்கிறது.

இடைக்கட்டத்தைக் காண பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்குப் போகவேண்டும். மழை அரித்த செம்மண் ஓடைகளில் துப்பாக்கி ரவை போன்ற கற்கள். சுமார் 10 கோடி ஆண்டுக்கு முந்தைய பெலம்னைட்டின் வால்முனை அது. தென்னிந்தியாவின் பெலம்னைட்டுகளை 1861லேயே பிளான்ஃபோர்டு விவரித்துவிட்டார். ஜெர்மனியில் மென்தசையோடு கிடைத்தவற்றில் பத்துக் கரங்கள், கரங்களில் கொக்கிகள், மைப்பை எல்லாம் தெரிகின்றன. அப்படியே கணவாய்! ஆனாலும் பாட்டனார் இல்லை, வாரிசற்றுப்போன பெரியப்பா. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அம்மோனைட்டும் இவையும் மறைந்தன. நாட்டிலஸ் தப்பிவிட்டது.

காரையில் போகிறவர் வருகிறவரெல்லாம் கல்லைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். எந்தப் படுகையில் கிடந்தது என்ற விவரம் போய்விட்டால் அது வெறும் கல், உறவுமுறை சொல்லாது.

எல்லாவற்றையும் கேட்ட மாமி, "அப்போ உசிரோட இருந்துதா?" என்று மட்டும் கேட்டார். பிள்ளைகள் வெளிநாட்டில். வீடு விலைபேசியாகிவிட்டது. தினம் நைவேத்யம் செய்ய முடியாதவர்கள் வைத்துக்கொள்ளக்கூடாதாம். கோயிலில் கொடுப்பதா, தங்கையிடமா? அடுத்த மாதம் காலி செய்யவேண்டும். இன்னும் முடிவாகவில்லை.