திருப்பாடுகளின் மூன்று குரல்கள்

ஐரோப்பிய நாடகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் உயிர்ப்பு விழாவின் கல்லறைக் காட்சியிலிருந்தே தொடங்குவர். 970ஆம் ஆண்டையொட்டி வின்செஸ்டர் ஆயர் எத்தல்வோல்டு இங்கிலாந்தின் துறவு மடங்களுக்குத் தொகுத்தளித்த ஒழுங்குநூலில், துறவி ஒருவர் கையில் குருத்தோலையுடன் கல்லறையருகே அமர வேண்டும் என்றும், வேறு மூவர் தூபக் கலசங்களோடு, எதையோ தேடுவார் போல் அடியெடுத்து வர வேண்டும் என்றும் குறிக்கப்பட்டுள்ளது. அந்தத் 'தேடுவார் போல்' என்னும் குறிப்பிலேயே நடிப்பு பிறந்துவிட்டது என்பர். மறுப்பதற்கில்லை. ஆயினும் அதற்கு முந்திய நூற்றாண்டிலேயே, வேடமும் அரங்கும் இன்றி, இசை ஒன்றைக் கொண்டே பாத்திரங்கள் உருவாகத் தொடங்கிய வேறோர் இடம் உண்டு. இசையும் நாடகமும் எங்கே கைகோக்கின்றன என்று கேட்கும் இளையோருக்கு நான் காட்டுவது அதைத்தான்: புனித வாரத்தில் நாம் கேட்கும் திருப்பாடுகளின் வரலாறு.

அக்காலத்தில் அந்த நெடிய பகுதி முழுவதையும் திருத்தொண்டர் ஒருவரே பாடினார். பேசுபவர் இயேசுவா, பிலாத்துவா, கூட்டமா என்பதைக் கேட்போர் எவ்வாறு அறிவர்? இதற்கு விடையாக, 9ஆம் நூற்றாண்டு முதல் ஏடுகளில் சிறு எழுத்துகள் தோன்றுகின்றன. நற்செய்தியாளரின் கூற்றுக்கு 'சி'. அது 'செலேரித்தேர்', அதாவது விரைவாக. கிறிஸ்துவின் சொற்களுக்கு 'டி'. அது 'தெனேரே', நிறுத்தி நிதானமாக. ஏனையோர் பேச்சுக்கு 'எஸ்'. அது 'சுர்சும்', மேலே. இவை ஆட்களின் பெயர்கள் அல்ல. வேகத்தையும் சுருதியையும் சுட்டும் இசைக் குறிப்புகளே. பின்னர் நிலைபெற்ற மரபில் கிறிஸ்துவின் குரல் கீழே நிற்கும். நற்செய்தியாளரின் குரல் அதற்கு ஐந்தாம் சுரத்தில். கூட்டத்தின் குரல் மேல் எட்டாம் சுரத்தில். நம் இசைமொழியில் சொன்னால் சட்ஜம், பஞ்சமம், மேல் சட்ஜம். தம்புராவில் நாம் கேட்கும் அதே சுருதிகள்தாம்.

குருமடத்தில் இதைக் கற்பித்த முதிய பேராசிரியர் மூன்று குரல்களையும் தாமே பாடிக் காட்டுவார். மேல் சட்ஜத்தை எட்டும்போது அவர் தொண்டை உடைந்துவிடும். கூட்டத்தின் கூச்சலுக்கு அந்த உடைந்த குரலே பொருத்தமாக இருந்தது.

13ஆம் நூற்றாண்டளவில் ஒருவர் பாடியதை மூவர் பகிர்ந்துகொண்டனர். அதனோடு எழுத்துகளின் பொருளும் மாறிற்று. 'சி' என்பது 'குரோனிஸ்தா', வரலாறு சொல்பவர் ஆனது. 'டி'யின் வடிவம் சிலுவைக் குறியாகிக் கிறிஸ்துவைச் சுட்டியது. 'எஸ்' மட்டும் 'சினகோகா' என்று வாசிக்கப்பட்டது. அதாவது யூதரின் தொழுகைக்கூடம். மேலே பாடு என்ற இசைக் குறிப்பு ஒரு மக்களினத்தின் பெயராயிற்று!

ஓர் எழுத்தின் மீது எல்லாப் பழியையும் சுமத்த மாட்டேன். மறையுரைகளிலும் மறைநூல் விளக்கங்களிலும் அந்தப் பழிச்சொல் முன்பே இருந்தது. ஆனால் நாடகத்துக்கு ஓர் ஆற்றல் உண்டு: மேடையில் ஒருவனுக்குக் கொடுத்த வேடம் தெருவில் வேறொருவன் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். உரோமை நகரில் திருப்பாடுகளின் நாடகத்தைப் பார்த்தவர்கள் யூதர்களைத் தாக்கியதால், 1539இல் அந்நாடகம் தடை செய்யப்பட்டது. கொள்ளைநோயிலிருந்து காக்கப்பெற்ற நன்றிக்காக 1634 முதல் பாவேரியாவின் ஓபரம்மர்கவ் ஊரார் நடித்துவரும் புகழ்பெற்ற நாடகத்தை 1934இல் கண்டு பாராட்டியவர்களுள் ஹிட்லரும் ஒருவர். கிறிஸ்துவின் சாவுக்கான பழியை அன்றைய யூதர் அனைவர் மீதோ இன்றைய யூதர் மீதோ சுமத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது 1965இல். இரத்தப்பழியைத் தம் பிள்ளைகள் மேலும் ஏற்கும் கூட்டத்தின் வரி ஓபரம்மர்கவ் மேடையிலிருந்து நீக்கப்பட்டதோ 2000இல்தான். நாடகம் எழுதுவோர் இந்தக் காலத்தாழ்வைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் மூன்றாம் குரல் யாருடையது? இதற்கு இசையே ஒரு விடை தந்தது என்பது என் எண்ணம். 1727இல் லைப்சிக் நகரின் புனித தோமா ஆலயத்தில் முதன்முதல் பாடப்பட்ட மத்தேயுவின் திருப்பாடுகளில், யோவான் செபஸ்தியான் பாக், கிறிஸ்துவின் சொற்களைச் சுற்றி நரம்புக் கருவிகளின் ஒலியை ஒளிவட்டம் போல் அமைத்தார். சிலுவையில் அவர் கைவிடப்பட்டுக் கதறும்போது மட்டும் அந்த ஒலி இல்லை. ஆனால் என்னை அதைவிட ஆட்கொண்டது இராவுணவுப் பகுதி. காட்டிக்கொடுப்பவர் தாமோ என்று சீடர்கள் பதறி வினவும்போது, ஆண்டவரை விளிக்கும் சொல் பதினொரு முறை வருகிறது. யூதாசு இன்னும் கேட்கவில்லை. அந்த வினாவுக்கு நற்செய்தியில் விடை வருமுன்பே, சபையார் நன்கறிந்த எளிய மெட்டொன்று குறுக்கிட்டு, குற்றவாளி நானே என்று ஏற்றுக்கொள்கிறது. லூத்தரன் சபையைச் சேர்ந்தவர் ஒருவர் செய்த இத்திருத்தத்தை நம் குருமடங்களில் இன்னும் விரிவாகக் கற்பிக்கலாம்.

எங்கள் பங்கில் பெரிய வெள்ளியன்று நற்செய்தியாளரின் பகுதியை வாசிக்கப் போட்டியே நடக்கும். இயேசுவின் பகுதி பங்குத்தந்தைக்கு. கூட்டத்தின் பகுதிக்குத் தனியாக முன்வருவார் இல்லை. ஆகவே கோவிலில் உள்ள அனைவரும் சேர்ந்து சொல்கிறோம். முதல் வரிசையில் நிற்கும் வயதான தாய் ஒருவர், சிலுவைச் சாவைக் கேட்டுக் கூச்சலிடும் இடம் வந்தால் வாயை மூடிக்கொள்வார். காரணம் கேட்டேன். "ஆண்டவரைக் கொல்லச் சொல்லி என் வாயால எப்படிச் சாமி சொல்லுவேன்?" என்றார். நான் வற்புறுத்தவில்லை. அவர் அருகில் நிற்கும் பேரன் முழுத் தொண்டையில் கத்துகிறான். அவனுக்கு அது விளையாட்டு. இருவருக்கும் எதிரே நின்று, கிறிஸ்துவின் அந்தத் தாழ்ந்த சுருதியைப் பிடிக்க நான் முயல்கிறேன்.