நான் எழுதாமல் விட்ட பத்தி

வெப்பத்தைத் தாங்கும் பவளத்தை விஞ்ஞானிகள் உருவாக்கிவிட்டார்கள் என்று ஒரு பத்திரிகையில் எழுதினேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி எனக்குத் தெரியும், தெரிந்தேதான் விட்டேன்.

எழுதியதில் பொய் இல்லை. பசிபிக் கடலில் உள்ள பலாவு நாட்டில், இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகக் குழு செய்த ஆய்வு அது. நம் விவசாயிகள் விதைநெல் எடுத்துவைப்பார்களே, அதே முறைதான். பவளக் கிளைகளைத் தொட்டியில் வைத்து நீரைச் சூடாக்கினார்கள். வெளிறாமல் நின்றவற்றைப் பெற்றோராகத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தப் பவளங்கள் ஆண்டில் சில இரவுகளில்தான், பௌர்ணமியை ஒட்டி, முட்டையும் விந்தணுவும் சேர்ந்த இளஞ்சிவப்பு உருண்டைகளை வெளிவிடும். அவை மிதந்து மேலே வரும்போதே அள்ளி, முட்டையையும் விந்தணுவையும் தனித்தனியே பிரித்து, வேண்டிய ஜோடியைக் கலக்க வேண்டும். அந்த இரவுகள் தவறினால் அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டியதுதான். பிறந்தவற்றைச் சில ஆண்டுகள் வளர்த்து, அவற்றுக்கும் சூடு வைத்துப் பார்த்தார்கள். தாங்கிய பெற்றோரின் வாரிசுகளும் கூடுதலாகத் தாங்கின. 2024இல் முடிவு வெளியானது. படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

நான் விட்ட பத்தி இது. கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்துக்கு மேல் ஒரு டிகிரி, ஒரு வாரம் நீடித்தால் அதை ஒரு டிகிரி-வாரம் என்று கணக்கிடுவார்கள். நான்கைத் தொட்டால் பவளம் வெளிறும். எட்டைத் தாண்டினால் கொத்துக்கொத்தாகச் சாகும். ஒரு தலைமுறைத் தேர்வில் கிடைக்கக்கூடியது சுமார் ஒரு டிகிரி-வாரம். அதோடு, பத்து நாள் கடுஞ்சூட்டைத் தாங்கியதை வைத்துத் தேர்ந்தெடுத்தால், ஒரு மாத வெப்பத்தையும் வாரிசுகள் தாங்கும் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. கரியமில வாயுவைக் குறைக்காமல் இது மட்டும் போதாது என்று ஆய்வாளர்களே எழுதியிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் 2016, 2017, 2020, 2022, 2024 என அடுத்தடுத்துப் பரவலாக வெளிறியதும் எனக்குத் தெரியும்.

அந்தப் பத்தியை வெட்டும்படி யாரும் என்னிடம் சொல்லவில்லை. 2016இல் மன்னார் வளைகுடாவிலும் பவளங்கள் வெளிறின. அந்தச் செய்திகளை எழுதி எழுதி மனம் சோர்ந்திருந்தேன். ஒரு நல்ல செய்தி வேண்டியிருந்தது, வாசகருக்கு முன்பே எனக்கு. பாராட்டு வரும் என்ற ஆசையும் இருந்தது. வந்தது.

ராமநாதபுரம் பக்கமிருந்து பள்ளி ஆசிரியை ஒருவர் கடிதம் எழுதினார். என் கட்டுரையை வகுப்பில் வாசித்தாராம். “அப்ப இனிமே பவளத்துக்குப் பயமில்லைல்ல டீச்சர்?” என்று பிள்ளைகள் கேட்டார்களாம். மகிழ்ச்சியோடுதான் எழுதியிருந்தார். கட்டுரையில் விட்டதையாவது அவசரம், இடமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இந்தக் கடிதத்துக்கு என்ன சாக்கு? நன்றி என்று பதில் போட்டுவிட்டு, திருத்தாமல் இருந்துவிட்டேன். அந்தப் பிள்ளைகளில் பலர் கடலை நம்பிப் பிழைக்கும் வீட்டுப் பிள்ளைகள்.

இந்த ஆய்வு நடக்க வேண்டும், இன்னும் பெரிதாக நடக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அது வாங்கித்தருவது கொஞ்சம் அவகாசம். அதைத் தீர்வு என்று பிள்ளைகளிடம் சொன்னது நான். விட்ட பத்தியை முழுதாக எழுதி, மன்னிப்பும் கேட்டு, அந்த ஆசிரியைக்கு அனுப்பியிருக்கிறேன். அதையும் வகுப்பில் வாசிக்கும்படி கேட்டிருக்கிறேன்.