அந்தக் கோடையில் நான் போட்ட சட்டைகள்

போன கிழமை பெறாமகள் ரெலிபோன் எடுத்தாள். ஏழாம் மாதம் தொடங்கியிருக்கிறது, ஓகஸ்ட் கடைசியில் பிள்ளை. லாக்கூர்னேவில் நாலாம் மாடியில் இருக்கிறாள்.

"சித்தி, ஒண்டும் போடேலாமல் கிடக்கு. எல்லாம் இறுக்குது. மாமி வேற, வயிறு தெரியாத மாதிரி ஏதும் போட்டுக்கொண்டு வெளியில போ எண்டு சொல்லுறா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு பேச்சைக் காணவில்லை. மூக்குறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. உடுப்புக்காக ஒருத்தி அழுவாளா என்று ஆம்பிளையள் கேட்கக்கூடும். நான் அழுதிருக்கிறேன்.

2003 ஆம் ஆண்டு. என் மூத்தவள் வயிற்றில். லாச்சப்பலுக்குக் கிட்ட, லிஃப்ட் இல்லாத பழைய கட்டடம், ஆறாம் மாடி. தலைக்கு மேலே துத்தநாகத் தகட்டுக் கூரை. பாரிசின் சாம்பல் கூரைகளை வெள்ளைக்காரர் வடிவு வடிவு என்று படம் எடுப்பார்கள். அதற்குக் கீழே கோடையில் படுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், அது தோசைக்கல்லு.

அந்த வருசம் ஜூன் மாதமே கொதித்தது. ஒரு கலியாணவீட்டுக்குப் போனோம். நான் கறுத்தப் பச்சையில் ஒரு பொலியெஸ்ரர் பஞ்சாபி போட்டேன். துப்பட்டாவை மூன்றாய் மடித்து வயிற்றுக்கு மேலே விட்டிருந்தேன். கண்ணூறு படும் என்ற பயம். அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. அதற்கு முதல் வருசம் ஒன்று மூன்றாம் மாதத்திலேயே போய்விட்டது. அப்படிப் போனவளுக்கு எல்லோருடைய கண்ணும் கண்ணூறுதான்.

திரும்பி வரும்போது பார்பெஸ் மெற்றோவில் விழுந்துவிட்டேன். கண் திறந்தபோது ஒரு ஆபிரிக்க அம்மா என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, சட்டைக்குக் கீழே கைவிட்டு என் காற்சட்டை நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தா. நூறு பேர் பார்க்க. வெட்கம் வரவில்லை, மூச்சு வந்தது.

ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றார்கள். மருத்துவிச்சி என் வயிற்றில் நாடா பதிந்திருந்த சிவப்புக் கோட்டை விரலால் தொட்டுக் காட்டி, இந்த வெயிலுக்கு ஏன் இப்படி உடுத்தாய் என்று கேட்டா. எனக்குப் பதில் சொல்லுமளவுக்கு அப்போது பிரெஞ்சு தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன சொல்வது!

அவ விளங்கப்படுத்தியதை இவர் மொழிபெயர்த்துச் சொன்னார். பிள்ளைத்தாச்சியின் உடம்பில் இரத்தம் கடைசி மாதங்களில் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. இரத்தக் குழாய்கள் விரிகின்றன. அதனால்தான் மற்றவர்களை விட எங்களுக்குச் சூடு கூட, வியர்வை கூட. கனநேரம் நின்றால் இரத்தம் காலில் தங்கித் தலை சுற்றும். அந்த வியர்வையை உறிஞ்சாத துணியைப் போட்டு, நடுவில் நாடாவும் கட்டினால் விழாமல் என்ன செய்வது?

அதற்குப் பிறகுதான் பார்பெஸ் தெருவில் போகிற ஆபிரிக்கப் பெண்களைக் கவனித்துப் பார்க்கத் தொடங்கினேன். எட்டு மாத வயிற்றோடு, பெரிய பூப்போட்ட பூபூ அங்கி காற்றில் அடிக்க, அதே துணியில் தலைக்கும் கட்டி, ராசாத்திகள் மாதிரி நடந்து போவார்கள். வயிற்றை மறைக்கவும் இல்லை, காட்டவும் இல்லை. அது தன்பாட்டில் இருந்தது. அந்தத் தெருவில் நான்தான் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு கள்ளி மாதிரிப் போய்க்கொண்டிருந்தேன்.

பிள்ளைத்தாச்சி உடுப்புக் கடைகளுக்குள்ளும் ஏறி இறங்கினேன். விலையைப் பார்த்து வெளியே வந்தேன். நாலு மாதம் போடுகிற சட்டைக்கு அந்தக் காசா? அதுவும் பாதிக்கு மேல் இழுபடுகிற செயற்கைத் துணி.

அப்போது சமாதான காலம். 2002 இல் ஏ9 பாதை திறந்த பிறகு சனங்கள் ஊருக்குப் போய் வரத் தொடங்கியிருந்தார்கள். பக்கத்துத் தெருக் குடும்பம் ஒன்று ஜூலை விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போய்த் திரும்பியபோது அம்மா ஒரு பார்சல் குடுத்துவிட்டிருந்தா. மிளகாய்த்தூள், ஒடியல், அவவின் நாலு பழைய வாயில் சீலை. ஏணை கட்டவும் பிள்ளைக்குத் துண்டு கிழிக்கவும். எத்தனையோ தரம் தோய்த்துத் தோய்த்து வெங்காயச் சருகு மாதிரி மெலிந்துபோன சீலைகள்.

இரண்டை ஏணைக்கு வைத்துவிட்டு, இரண்டைக் கொண்டுபோய் கூத்தோர் தெருப்பக்கம் தையல்கடை வைத்திருந்த ஒரு செனகல்காரரிடம் குடுத்தேன். கையால் காட்டித்தான் கதைத்தோம். மார்புக்குக் கீழே வெட்டி, அதிலிருந்து சுருக்கு வைத்து விட்டார். இடுப்பில் ஒன்றும் இல்லை. கை முழங்கை வரைக்கும், கக்கத்தில் நல்ல தளர்வு. முன்பக்கம் தெறி, பிறகு பால் குடுக்கவும் உதவுமாம். அவர் சொல்லாமலே செய்த ஒரு வேலையை இன்றைக்கும் எல்லோருக்கும் சொல்வேன்: முன் கரையைப் பின் கரையை விட நாலு விரல் நீளமாய் விட்டார். வயிறு வளர வளர முன்பக்கம் தூக்கும் அல்லவா? பிள்ளைத்தாச்சிச் சட்டை அலங்கோலமாய்த் தெரிவது பெரும்பாலும் அந்த நாலு விரலால்தான்.

ஒன்று வெளிர் நீலம், மற்றது மஞ்சளில் சின்னப் பூ. சீலைக் கரையை அப்படியே சட்டையின் கீழ்க்கரையாக வைத்திருந்தார். முதன்முதல் அதைப் போட்டுக்கொண்டு படி இறங்கியபோது மூன்றாம் மாடியில் இருந்த வயதான பிரெஞ்சு அம்மா மறித்து, துணியைத் தொட்டுப் பார்த்து, எங்கே வாங்கினாய் என்று கேட்டா. இந்த நாட்டுக்கு வந்து என் உடுப்பை ஒருவர் நல்லதென்று சொன்னது அதுதான் முதல் தரம்.

அந்தக் கிழமைதான் பெரிய வெக்கை தொடங்கியது. ஓகஸ்ட் முதல் பாதி. பாரிசில் 39 பாகைக்கு மேல் போனது. 11 ஆம் திகதி இரவு 25 பாகைக்குக் கீழே இறங்கவேயில்லை. பிரான்சில் 15,000 பேரளவில் செத்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். நான் பகலில் நீலத்தை நனைத்துப் பிழிந்து ஈரத்தோடேயே போட்டுக்கொள்வேன். அது காய, மஞ்சளை நனைப்பேன். வாயில் துணி அரை மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். இரவு இவர் ரெஸ்ரோறன்ட் குசினியில் இருந்து வந்து, தரையில் ஈரத்துணி விரித்துப் படுக்கப் பண்ணுவார். அந்த இரண்டு சட்டையும் இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்க எனக்கு விருப்பமில்லை.

ஆக, பெறாமகளுக்குச் சொன்னது இதுதான். காசைச் சட்டைக்குக் கொட்டாதை, நல்ல பருத்தி மார்புக்கச்சைக்குக் கொட்டு, அளவு மாறினால் திரும்ப வாங்கு. செருப்பு ஒரு இலக்கம் பெரிதாய், பின்னங்காலில் வார் வைத்தது. (நான் பார்பெஸ் தத்தியில் வாங்கினேன், அந்தக் கடை இப்போது இல்லை.) மோதிரத்தை இப்பவே கழற்று, விரல் வீங்கினால் வெட்டத்தான் வேண்டும். தொடை உரசினால் உள்ளுக்கு ஒரு பருத்திச் சைக்கிள் காற்சட்டை. தொப்பி கட்டாயம். வெயில் பட்டால் பிள்ளைத்தாச்சியின் முகத்தில் கறுப்புப் படரும், எனக்குப் படர்ந்தது போக வருசக்கணக்கானது. டொக்டர் காலை இறுக்குகிற காலுறை எழுதித் தந்தால் வெக்கை என்று கழற்றி எறியாதை. காலையில் படுக்கையால் எழும்ப முதலே போடு.

"மாமிக்கு என்ன சொல்லுறது சித்தி?"

மாமியும் பிள்ளை பறிகொடுத்தவ என்பது எனக்குத் தெரியும். தொண்ணூறாம் ஆண்டு, இடம்பெயர்ந்து போகிற வழியில். அவ வயிற்றை மறைக்கச் சொல்லுவது வேறு ஒன்றுமில்லை, பயம்.

"மாமியையும் கூட்டிக்கொண்டு வா" என்றேன். சனிக்கிழமை மொன்மார்த்தர் அடிவாரத்துத் துணிக்கடைத் தெருவுக்குப் போகிறோம். அங்கே மூன்று மீற்றர் துண்டுகளாய் மலிவாக விற்பார்கள், ஒரு துண்டில் ஒரு சட்டை தாராளமாய் வரும். நிறத்தை மாமியே தெரியட்டும். கறுத்தப் பச்சையை மட்டும் நான் விடமாட்டேன். 2019 ஜூலையில் இதே பாரிசில் 42.6 பாகை அடித்ததை நினைத்தால், வெயில் ஏற முதல், பத்து மணிக்கே போய்விட வேண்டும்.