சிக்கனக் காரும் செல்வாக்குக் காரும்

ஆண்டுதோறும் இம்மலரில் தலைமையாசிரியருக்கென ஒரு பக்கம் ஒதுக்கப்படுவதும், அதில் நான் நேரந்தவறாமை, தூய்மை, பெற்றோர் கடமை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைப் பற்றி எழுதுவதும் வழக்கமாகிவிட்டன. அவற்றை எத்தனை பேர் படித்தனர் என்பதை நான் அறியேன். இம்முறை மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, என் மனத்தைப் பல நாள் அலைக்கழித்த ஒரு செய்தியையே எழுதலாமெனத் துணிந்தேன். 2023-ஆம் ஆண்டில் நான் கார் வாங்கிய கதைதான் அது.

1996-ஆம் ஆண்டு முதல் என்னிடம் ஒரு கஞ்சில் கார் இருந்தது. பெரோடுவா நிறுவனம் 1994-இல் முதன்முதலாக வெளியிட்ட அச்சிறு கார், மூன்று சிலிண்டர்களும் 659 சி.சி. கொள்ளளவும் உடைய இயந்திரத்தைக் கொண்டது. கஞ்சில் என்னும் மலாய்ச் சொல் சருகுமானைக் குறிக்கும். முதலைகளை வரிசையாக நிற்கச் செய்து, எண்ணுவதுபோல் பாசாங்கு காட்டி, அவற்றின் முதுகின்மேல் தாவித் தாவி ஆற்றைக் கடந்த சருகுமானின் கதையை நம் மாணவர் நன்கு அறிவர். கதையில் வரும் சருகுமான் அக்கரை சேர்ந்தது. என் சருகுமானோ 2023 மார்ச்சில் சிகாமட் நகரைச் சூழ்ந்த பெருவெள்ளத்தில் இரண்டு நாள் கண்ணாடி மட்டம் வரை மூழ்கிக் கிடந்து உயிரை விட்டது. வெள்ளச் சேதத்திற்கெனத் தனியே கூடுதல் தொகை செலுத்தியிருந்தால்தான் காப்புறுதி கிடைக்கும் என்பதை நான் அப்போதுதான் கற்றுக்கொண்டேன். பட்டறைக்காரர் முன்மூடியைத் திறந்து உள்ளே படிந்திருந்த சேற்றைப் பார்த்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டார். நானும் அவ்வாறே செய்ய வேண்டியதாயிற்று.

என் வீடு சிகாமட்டில் உள்ளது. பள்ளிக்குச் செல்ல, லாபிஸ் நோக்கி முதலாம் எண் கூட்டரசுச் சாலையில் 29 கிலோமீட்டர் சென்று, பின்னர் செம்பனைக் காட்டினூடே 5 கிலோமீட்டர் செம்மண் பாதையில் போக வேண்டும். சாலையின் நடுவழியில் ஒரு மலிவு விலை வீடமைப்புப் பகுதி இருக்கிறது. தோட்டத்தை விட்டு வெளியேறிய நம்மவர் குடும்பங்கள் சில அங்கே வாழ்கின்றன. அங்கிருந்து மூன்று பிள்ளைகளை நாள்தோறும் என் காரில் ஏற்றிச் செல்வேன். 150 மாணவர்க்குக் குறைவாக உள்ள பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்பர். அவ்வாண்டு நம் பள்ளியில் பயின்றோர் இருபத்தெழுவர் மட்டுமே. கார் இல்லாத பதினொரு பள்ளி நாள்களும் நான் சக ஆசிரியர் ஒருவரின் மோட்டார் சைக்கிளில் பின்னமர்ந்து சென்றேன். அம்மூவரின் பெயருக்கு நேரே வருகைப் பதிவேட்டில் வட்டங்கள் விழுந்துகொண்டே வந்தன. பன்னிரண்டாம் நாள் அவர்களுடைய பாட்டி என்னைத் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, உங்களுக்கும் தொல்லை வேண்டாம். பக்கத்துப் பள்ளியிலேயே சேர்த்துவிடலாமா என்று பார்க்கிறேன்" என்றார். இருபத்தேழில் மூன்று போனால் இருபத்து நான்கு என்பது மிக எளிய கணக்குதான். அன்றிரவு அக்கணக்கு என்னை உறங்கவிடவில்லை.

ஆகவே விரைந்து ஒரு கார் வாங்க வேண்டும். என் கைக்கு எட்டிய விலையில் இரண்டு கார்கள் இருந்தன. ஒன்று, அவ்வாண்டு பிப்ரவரியில் புது வடிவில் வெளிவந்திருந்த பெரோடுவா ஆக்சியா. 998 சி.சி. இயந்திரமும் 67 குதிரைத் திறனும் உடையது, புதியது. மற்றொன்று, பழைய கார் விற்கும் கடையில் நின்ற ஜெர்மானியக் கார். பதினைந்து ஆண்டு பழையது, கறுப்பு நிறம், ஆறு சிலிண்டர்கள், 2996 சி.சி.; இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட குதிரைத் திறன். புதிதாக இருந்தபோது என்போன்றோர் விலை கேட்கவும் அஞ்சியிருக்கக்கூடிய அக்கார், வயது முதிர்ந்ததால் சிறிய புதுக் காரின் விலைக்கே இறங்கி வந்திருந்தது. சிங்கப்பூரில் பணிபுரியும் என் மகன், "அப்பா, இன்னும் ஐந்தாண்டில் ஓய்வு பெறப் போகிறீர்கள். ஒருமுறையாவது நல்ல காரில் போங்கள்" என்றான். கடைக்காரத் தவுக்கேயும், "சிக்கு, இது தலைமையாசிரியருக்கு ஏற்ற கார்" என்று அடித்துச் சொன்னார். மலாய் மொழியில் ஆசிரியரை அவ்வாறு அழைப்பர். அன்று நான் தமிழிலும் சிக்கில்தான் இருந்தேன்.

ஆறாம் ஆண்டில் அப்போது நால்வர் பயின்றனர். தசமப் பெருக்கல் பாடத்தின்போது என் சிக்கலையே கணக்காக்கி அவர்களிடம் கொடுத்தேன். நாளொன்றுக்கு 68 கிலோமீட்டர் வீதம் மாதத்தில் இருபது நாள் ஓடினால் 1360 கிலோமீட்டர். சிறிய கார் ஒரு லிட்டர் எண்ணெய்க்கு 20 கிலோமீட்டர் ஓடும் எனக் கொண்டால் 68 லிட்டர் செலவாகும். பெரிய கார் லிட்டருக்கு 8 கிலோமீட்டர் ஓடினால் 170 லிட்டர். 95 ரக எண்ணெய் அப்போது லிட்டர் 2 வெள்ளி 5 காசு. எனவே சிறியதற்கு மாதம் 139 வெள்ளி 40 காசு. பெரியதற்கு 348 வெள்ளி 50 காசு. வேறுபாடு 209 வெள்ளி 10 காசு. பத்துப் பள்ளி மாதங்களுக்கு 2091 வெள்ளி.

அடுத்துச் சாலை வரி. 1000 சி.சி.க்கு மேற்படாத காருக்கு ஆண்டுக்கு 20 வெள்ளி. 2500 சி.சி.க்கு மேல் 3000 சி.சி. வரை உள்ள காருக்கு அடிப்படை வரி 880 வெள்ளி. அதன்மேல் 2500-ஐத் தாண்டிய ஒவ்வொரு சி.சி.க்கும் 2 வெள்ளி 50 காசு. பிள்ளைகள் பெருக்கிக் கூட்டி 2120 வெள்ளி எனக் கரும்பலகையில் எழுதினர். அவ்விடையைக் கண்டு நானே சற்று நின்றுவிட்டேன். பெரிய கார் ஓராண்டு ஓடிக் குடிக்கும் கூடுதல் எண்ணெய்க்கு ஆகும் செலவும், அது கொட்டகையில் ஓடாமல் நிற்பதற்கே கட்ட வேண்டிய கூடுதல் வரியும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. டயர், பட்டறைச் செலவு ஆகியவற்றை நாங்கள் கணக்கில் சேர்க்கவில்லை. மணி அடித்துவிட்டது.

பெரிய கார் ஏன் அவ்வளவு குடிக்கிறது என ஒரு மாணவி வினவினாள். நல்ல வினா. சமதரையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் செல்ல ஒரு காருக்குப் பத்துப் பதினைந்து குதிரைத் திறனே போதும். சிறிய இயந்திரம் அதனை நல்ல உழைப்பாகவே செய்கிறது. பெரிய இயந்திரத்திற்கோ அது விரலசைப்பு. ஆகையால் காற்று புகும் வாயிலைப் பெரும்பாலும் மூடியே வைத்திருக்க நேர்கிறது. அகன்ற நெஞ்சுடைய ஒருவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவது போல, அவ்விடுக்கின் வழியே காற்றை இழுப்பதிலேயே ஆற்றலின் ஒரு பகுதி வீணாகிறது. ஆறு சிலிண்டர்களின் உராய்வும் ஒன்றரை டன் எடையும் அதனுடன் சேர்ந்துகொள்கின்றன.

எனினும் பெரிய காரின் பக்கமும் ஓர் உண்மை உண்டு; அதனை மறைத்தல் நேர்மையாகாது. எங்கள் சாலை இருவழிச் சாலை. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் முன்னே செல்லும். ஒரு லோரியை முந்த, அதைவிட ஐம்பது மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். மூன்று பிள்ளைகளைச் சுமந்த சிறிய கார் முக்கி முனகிச் சராசரி 75 கிலோமீட்டர் வேகத்தில் முந்தினால் 12 விநாடி ஆகும். பெரிய கார் 90 கிலோமீட்டர் வேகத்தில் 6 விநாடியில் முந்திவிடும். எதிரே ஒரு வண்டி 90 கிலோமீட்டர் வேகத்தில் வருமானால், முன்னதற்கு 550 மீட்டர் வெற்றுச் சாலை வேண்டும். பின்னதற்கு 300 மீட்டர் போதும். இது வீண் பெருமையன்று, உயிர்க்கணக்கு. இக்கணக்கை நான் வகுப்பில் கொடுக்கவில்லை. வீட்டு மேசையில் தனியே அமர்ந்து போட்டுப் பார்த்தேன். பிறகு இன்னொன்றையும் போட்டேன். 29 கிலோமீட்டரும் ஒரு லோரியின் பின்னாலேயே ஊர்ந்து சென்றாலும், எண்பதில் செல்வதைவிட ஏழெட்டு நிமிடமே தாமதமாகும்.

கணக்கு இவ்வாறு முடிந்த பின்னரும் கறுப்புக் கார் என் மனத்தை விட்டு அகலவில்லை. அதற்குரிய காரணத்தை என் மகனிடமும் நான் சொன்னதில்லை.

1975-ஆம் ஆண்டில் எனக்கு ஏழு வயது. அப்பா பால்மரம் வெட்டினார். தோட்டத்துப் பெரிய துரையிடம் வெள்ளை நிற வோல்வோ கார் ஒன்று இருந்தது. அதன் ஓசை கேட்டவுடன் சைக்கிளில் செல்வோர் இறங்கிப் புல்லோரம் ஒதுங்கி, தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பர். அவ்வாறு நிற்க வேண்டுமென எவரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. ஒருநாள் அப்பா சைக்கிளின் இருபுறமும் பால் வாளிகள் தொங்க, முன்கம்பியில் என்னை அமர்த்திக்கொண்டு நிறுவைக்கு வந்துகொண்டிருந்தார். காரைக் கண்டு இறங்கிய அவசரத்தில் ஒரு வாளி சாய்ந்து, பால் வாய்க்காலில் ஓடிற்று. கார் நிற்கவில்லை. வெண்ணிறப் பாலின்மேல் செம்புழுதி மெல்லப் படிவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று துரையின்மீது சினங்கொண்டேன் என எழுதினால் அது பொய்யாகும். நானும் ஒருநாள் இத்தகைய காரில் போவேன் என்றே எண்ணினேன். பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்திலும், தலைமையாசிரியராகப் பதவி ஏற்ற அன்றும் அவ்வெண்ணம் எங்கோ ஒரு மூலையில் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜோகூரில் அந்நாளில் வெள்ளியும் சனியுமே வார விடுமுறை, தவுக்கே கறுப்புக் காரின் சாவியை என் கையில் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார். எண்பத்து நான்கு வயது அப்பாவை முன்னிருக்கையில் அமர்த்திக்கொண்டேன். மூன்று மாதத்திற்கு ஒருமுறை அவரை மூவார் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அவர் வசதியும் பார்க்க வேண்டுமன்றோ? அவர் தோல் இருக்கையைத் தடவிப் பார்த்து, "தம்பி, கட்டில் மாதிரி இருக்கிறது" என்று மகிழ்ந்தார். கூட்டரசுச் சாலையில் கார் நீரில் மிதப்பதுபோல் சென்றது. காலைச் சிறிதே அழுத்தியதும் முன்னே சென்ற லோரி பின்னே போயிற்று. என் வாழ்நாளில் நான் அத்துணை மகிழ்ச்சியுடன் கார் ஓட்டியதில்லை. பள்ளி வரை போய்ப் பார்ப்போமெனச் செம்மண் பாதையில் திருப்பினேன்.

எதிரே மோட்டார் சைக்கிளில் ஓர் இளைஞன் வந்தான். செம்பனை அறுக்கும் அயல்நாட்டுத் தொழிலாளி. நீண்ட அரிவாள் கம்பைப் பக்கவாட்டில் கட்டியிருந்தான். நான் ஒலிப்பானை அழுத்தவில்லை. பாதையிலும் இருவர்க்கும் இடமிருந்தது. ஆயினும் அவன் வண்டியைப் புல்லோரம் இறக்கி, தானும் இறங்கி, கார் கடந்து செல்லும் வரை தலைகுனிந்து நின்றான். அப்பா கழுத்தைத் திருப்பி, அவன் மறையும் வரை பின்னால் பார்த்தவாறே இருந்தார்.

"பாவம், இறங்கிவிட்டான்" என்றார். அவ்வளவுதான்.

அன்று மாலை தேநீர் அருந்தியவாறே, "வாங்குவதானால் வாங்கு. யானையைக் கட்டித் தீனி போடுவதுதான். இருந்தாலும் உட்கார நன்றாக இருக்கிறது" என்று அப்பாவே சொன்னார். அவர் வேண்டாமென்று சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மறுவாரம் நான் சிறிய காருக்குப் பதிவு செய்தேன். முடிவு செய்தது கரும்பலகைக் கணக்கா, பதிவேட்டின் வட்டங்களா, புல்லோரம் நின்ற இளைஞனா என இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல இயலவில்லை. கார் கைக்கு வர ஆறு வாரம் ஆயிற்று. அதுவரை மைத்துனரின் பழைய காரை இரவல் வாங்கி ஓட்டினேன். பாட்டியிடம் நேரில் சென்று, பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்ற வேண்டாமெனக் கேட்டுக்கொண்டேன். மகன் இரண்டு நாள் என்னுடன் சரியாகப் பேசவில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை; மூவாருக்குப் புறப்படும்போது மட்டும் ஒரு தலையணையை எடுத்து வந்து முதுகுக்கு வைத்துக்கொள்கிறார். அதைக் காணும்போதெல்லாம் எனக்குச் சற்று உறுத்தும்.

2025 செப்டம்பர் 30 அன்று குடிமக்களுக்கு மாதம் 300 லிட்டர் வரை 95 ரக எண்ணெய் 1 வெள்ளி 99 காசு என்னும் விலைக்கு வந்தபோது, எனக்கு மாதம் 4 வெள்ளி 8 காசு மிச்சமாயிற்று. பெரிய கார் வாங்கியிருந்தால் 10 வெள்ளி 20 காசு மிச்சப்பட்டிருக்கும் என்று மகன் நகையாடினான்.

இப்போது கால்மணி நேரம் முன்னதாகவே வீட்டை விட்டுப் புறப்படுகிறேன். மூன்று பிள்ளைகளுள் மூத்தவன் இடைநிலைப் பள்ளிக்குச் சென்றுவிட்டான். அவனிடத்தில் அவன் தங்கை வந்து அமர்ந்துகொண்டாள். லோரி ஒன்று முன்னே தென்பட்டால், "ஐயா, முந்துங்கள்! முந்துங்கள்!" என்று பின்னிருக்கையில் கூச்சல் எழும். ஆலைக்குப் போகும் பாதையில் லோரி திரும்பும் வரை நான் இடைவெளி விட்டுப் பின்னாலேயே செல்கிறேன். குலையினின்று உதிர்ந்து சாலையில் உருளும் பழங்களை மூவரும் எண்ணிக்கொண்டு வருகின்றனர்.