பால் டிகிரியும் பண்டில் பிரச்சினையும்

டிஸ்கி: இது கொஞ்சம் பொட்டி தட்டுற விஷயம். ஜாவான்னா காபின்னு மட்டும் தெரிஞ்சவங்களும் பயப்படாம படிக்கலாம். நடுவுல பாலும் வருது :-)

2024 செப்டம்பர் முதல் வாரம் நடந்த கதை. அப்பவே எழுதணும்னு நினைச்சேன், ஆணி அதிகமாகி தள்ளிப் போயிடுச்சு.

நான் புனேவுக்கு வந்து குப்பை கொட்ட ஆரம்பிச்சது 2006-ல. இப்ப இருக்கற கம்பெனியில பால் சேகரிப்பு சென்டர்களுக்கான மொபைல் ஆப்பை நாங்கதான் பார்த்துக்கறோம். மேற்கு மகாராஷ்டிராவுல கிராமம் கிராமமா காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பால் வாங்குவாங்க. தராசுல எடை போட்டு, ஒரு சின்ன மெஷின்ல சாம்பிள் விட்டா கொழுப்பு எவ்வளவு, எஸ்.என்.எஃப் எவ்வளவுன்னு காட்டும். ரெண்டும் புளூடூத் வழியா ஆப்புக்குள்ள வந்து, விலை கணக்காகி, விவசாயிக்குச் சீட்டு போகும். பத்து நாளைக்கு ஒரு தடவை பட்டுவாடா.

சிக்கல் எங்கேன்னா, ஒவ்வொரு சென்டர்லயும் ஒவ்வொரு கம்பெனி மெஷின். ஒவ்வொண்ணும் ஒரு பாஷை பேசும். அதுக்காக 2016-ல நாங்க ஆப்புக்குள்ள ஓ.எஸ்.ஜி.ஐ-ங்கற சட்டகத்தை உட்கார வெச்சோம். சரியா சொன்னா அப்பாச்சி ஃபெலிக்ஸ். ஓ.எஸ்.ஜி.ஐ 1999-ல, வீட்டுல இருக்கற சின்னச் சின்ன பெட்டிகளுக்காக ஆரம்பிச்ச விஷயம். எக்லிப்ஸ்ல வேலை பார்த்த ஜாவா மக்கள் எல்லாரும் 2004-ல இருந்தே தெரியாம இதை ஓட்டிக்கிட்டுதான் இருந்தாங்க.

புரியற மாதிரி சொல்லணும்னா ஒரு அபார்ட்மெண்ட்தான். ஒவ்வொரு பிளாட்டும் ஒரு பண்டில். பக்கத்து வீட்டுக்கு என்ன தருவேன், எனக்கு என்ன வேணும்னு ஒவ்வொருத்தரும் வாசல்ல எழுதி ஒட்டியிருப்பாங்க. கேட்டது கிடைச்சாத்தான் அந்த வீட்டுல அடுப்பு பத்தும். ஒரு வீட்டைப் பூட்டிட்டு ரிப்பேர் பண்ணலாம், மத்த வீடு பாதிக்காது. எங்களுக்கு மெஷினுக்கு ஒரு பண்டில். ஆண்ட்ராய்டுக்கு ஜாவா கிளாஸ் நேரடியா செரிக்காது, அதை டெக்ஸா மாத்தித்தான் ஊட்டணும். அதனால டெக்ஸ் அடங்கின ஜார் ஃபைலா ஒவ்வொரு பண்டிலையும் ஆப்போடயே அனுப்பிடுவோம். முதல் தடவை திறக்கும்போது ஆப் அதை போன்ல தன்னோட சொந்த ஃபோல்டருக்குக் காப்பி பண்ணிக்கும். எட்டு வருஷம் நல்லாத்தான் ஓடுச்சு.

பிளே ஸ்டோர்ல ஆகஸ்ட் 31-க்கு அப்புறம் வர்ற அப்டேட் எல்லாம் ஆண்ட்ராய்ட் 14-ஐக் குறி வெச்சிருக்கணும்னு விதி. நாங்களும் பில்ட் ஃபைல்ல 33-ஐ 34 ஆக்கினோம். கையில இருந்த மூணு டெஸ்ட் போன்லயும் ஓடுச்சு. புதன்கிழமை சாயங்காலம் எல்லாருக்கும் திறந்து விட்டாச்சு.

வியாழன் காலையில போன் மேல போன். ஆப் திறக்குது, லாகின் ஆகுது, ஆனா 'மெஷின் கிடைக்கவில்லை'ன்னு நிக்குது. எல்லா சென்டர்லயும் இல்ல, சில சென்டர்ல மட்டும்.

மெஷின் இல்லேன்னா என்ன, கையால அடிக்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. தில்லுமுல்லு நடக்கக் கூடாதுன்னு அதை நாங்களே பூட்டி வெச்சிருந்தோம். மெஷின் பேசலேன்னா பசும்பாலுக்கு 3.5, 8.5, எருமைப்பாலுக்கு 6, 9-ன்னு தானா விழும். நல்ல பால் ஊத்தினவனுக்கு நஷ்டம்.

அன்னைக்கு ராத்திரி ரயில்ல ஊருக்கு டிக்கெட். சனிக்கிழமை பிள்ளையார் சதுர்த்தி. அம்மாவைப் பார்த்து ஏழு மாசம் ஆச்சு.

அவசரத்துல நான் பண்ணின முதல் வேலை, யார் மேல பழி போடலாம்னு தேடினது. எங்க டீம்ல கோலாப்பூர் பக்கத்துப் பையன் ஒருத்தன், சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகலை. அந்த வாரம்தான் மெஷின் பண்டில்ல இம்போர்ட் வெர்ஷன் எண்ணை மாத்தியிருந்தான். ஓ.எஸ்.ஜி.ஐ தெரிஞ்சவங்களுக்கு இது பழைய வியாதி. '1-ல இருந்து 2-க்குள்ள'ன்னு கேட்டுட்டு வீட்டுல 2 இருந்தா ஒண்ணும் ஓடாது. பன்னெண்டு பேர் இருந்த கால்ல, "கை வைக்கறதுக்கு முன்னாடி கேக்க மாட்டியா?"ன்னு ஆரம்பிச்சு நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கினேன். அவன் ஒண்ணும் பேசலை.

கால் முடிஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சு என் சீட்டுக்கு வந்தான். "சார், பண்டில் ரிசால்வ்டுன்னு காட்டுது"ன்னான்.

எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. பண்டிலுக்குப் படிப்படியா நிலைமை உண்டு. இன்ஸ்டால்டுன்னா வீட்டுக்குள்ள வந்தாச்சு. ரிசால்வ்டுன்னா கேட்டது எல்லாம் கிடைச்சாச்சு. ஆக்டிவ்னா வேலையை ஆரம்பிச்சாச்சு. வெர்ஷன் எண் தப்பா இருந்தா முதல் படியிலேயே நின்னிருக்கும். இது ரெண்டாவது படிக்கு வந்திருக்கு. அப்ப அவன் மாத்தினது சரி. இதை நான் காலையிலேயே பார்த்திருக்கணும். திட்டறதுல இருந்த வேகம் பார்க்கறதுல இல்ல.

அவன் இன்னொரு காரியமும் பண்ணியிருந்தான். 23 சென்டருக்கு மராத்தியில போன் போட்டு, என்ன போன், எந்த ஆண்ட்ராய்டுன்னு கேட்டு ஒரு தாள்ல எழுதியிருந்தான். 11, 12, 13 எல்லாம் ஓடுது. 14 ஒண்ணுகூட ஓடலை. அதே 14-ல எங்க பழைய வெர்ஷன் ஓடியிருக்கு. எங்க டெஸ்ட் போன் மூணுமே 13-ஓட நின்னு போனவை.

அப்பவும் எனக்கு வேற சந்தேகம். ஆர்8-னு ஒண்ணு இருக்கு. பில்ட் பண்ணும்போது யாரும் கூப்பிடாத கிளாஸையெல்லாம் குப்பைன்னு வழிச்சுப் போட்டுடும். பண்டில் தனி ஃபைல்ங்கறதால, அது எதைக் கூப்பிடுதுன்னு ஆர்8-க்குத் தெரியாது. அதுல போயிருக்குமோன்னு பார்த்தேன். ஆனா அதே ஏபிகே 13-ல ஓடுதே! அதுவும் இல்ல.

கடைசியா பண்டிலை ஸ்டார்ட் பண்ற இடத்தைத் திறந்தோம். அங்க ஒரு கேட்ச் பிளாக், உள்ள வர்ற எக்ஸெப்ஷனை அப்படியே முழுங்கிட்டு 'மெஷின் கிடைக்கவில்லை'ன்னு மட்டும் சொல்லுது. எந்த மகராசன் எழுதினான்னு கிட்-ல பார்த்தா, 2016, அடியேன் பேர். பையன் நல்லவன், ஸ்கிரீன்ல இருந்து கண்ணை எடுத்துக்கிட்டான்.

முழுங்கினதை வெளியே கக்க வெச்சு, பையனோட சொந்த போன்ல ஓட்டினோம் (அவன்கிட்ட 14 இருந்துச்சு). செக்யூரிட்டி எக்ஸெப்ஷன். எழுதக்கூடிய டெக்ஸ் ஃபைலுக்கு அனுமதி இல்லைன்னு ஒரே வரி.

விஷயம் இதுதான். 2023-ல வந்த ஆண்ட்ராய்ட் 14-ல ஒரு புது கட்டுப்பாடு. 34-ஐக் குறி வெச்ச ஆப், ஓடிக்கிட்டிருக்கும்போது வெளியில இருந்து கோடை ஏத்தினா, அந்த ஃபைல் ரீட் ஒன்லியா இருக்கணும். நியாயம்தான். கோடா ஓடப் போற ஃபைலை யார் வேணா மாத்தலாம்னு விட்டா, திருடன் உள்ள வந்து சரக்கை மாத்திடுவான். நாங்க 2016-ல காப்பி பண்ணின ஃபைல் எல்லாம் எழுதக்கூடியதாவே கிடந்துச்சு. போன் 14, குறியும் 34, ரெண்டும் சேர்ந்தாத்தான் வெடிக்கும். அதான் சில சென்டர்ல மட்டும்.

திரும்ப 33-க்குப் போகலாம்னா கெடு தாண்டியாச்சு. கூடுதல் அவகாசம் கேட்க வழி இருந்துச்சு, நாங்க கேட்கலை.

சரி, காப்பி பண்ணின ஃபைலை ரீட் ஒன்லி ஆக்கினோம். மறுபடி அதே எக்ஸெப்ஷன்! அரை மணி நேரம் முழிச்சோம். அப்புறம்தான் உறைச்சுது. ஃபெலிக்ஸ் நாம குடுக்கற ஜாரை அப்படியே ஓட்டாது, தன்னோட கேஷுக்குள்ள இன்னொரு காப்பி எடுத்துக்கும். அந்தக் காப்பி எழுதக்கூடியது. இடத்தைச் சொல்லும்போது முன்னாடி 'ரெஃபரன்ஸ்'னு சேர்த்தா காப்பி எடுக்காம நம்ம ஃபைலையே பயன்படுத்தும். அதைச் சேர்த்தோம். புது ஃபைலைத் திறந்த உடனே, உள்ள எழுத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, ரீட் ஒன்லி ஆக்கிட்டு அப்புறம் எழுதணும். இல்லேன்னா நடுவுல ஒரு சந்து கிடைக்கும். பழைய காப்பியையும் கேஷையும் ஒரு தடவை துடைச்சுட்டு புதுசா ஆரம்பிக்க வெச்சோம். பண்டில் ஆக்டிவ் ஆச்சு.

இதுக்குள்ள ரயில் சோலாப்பூர் தாண்டியிருக்கும். தங்கமணியும் பொண்ணும் மட்டும் போனாங்க. ராத்திரி பதினோரு மணிக்கு அம்மாவுக்குப் போன் போட்டேன். புதுக்கோட்டை பக்கம் எங்க ஊர். அம்மா ரெண்டு மாட்டை வெச்சு சொசைட்டிக்குப் பால் ஊத்தித்தான் என்னைப் படிக்க வெச்சாங்க. மெஷின், பால்னு சொன்னதும் கதை கேட்டாங்க. பையனைத் திட்டினதையும் சொல்லிட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "ஒனக்கு ஞாபகம் இருக்காப்பா, டிகிரி கொறையுதுன்னு என்னைய நிக்க வெச்சது?"ன்னாங்க.

மறக்குமா? நான் ஆறாவது படிக்கறப்ப. லேட்டாயிடுச்சேன்னு கறந்த சூட்டோட பாலைத் தூக்கிட்டு ஓடினாங்க. டிகிரிமானி பார்த்தவர், தண்ணி கலந்திருக்குன்னு வரிசையில இருந்த அத்தனை பேர் முன்னாடியும் சொல்லிட்டார். பால் சூடா இருந்தா டிகிரி குறைச்சுத்தான் காட்டும், ஆறவிட்டுப் பார்க்கணும். அதை அன்னைக்கு யாரும் சொல்லலை. மறுநாள் அவரே அம்மாவைத் தனியா கூப்பிட்டு, "தப்பாப் போச்சும்மா"ன்னார்.

"தனியாச் சொன்னாருப்பா. வரிசையில நின்னவங்களுக்கு நான் இன்னிக்கும் தண்ணி கலந்தவதான்"னாங்க அம்மா. அவ்வளவுதான் சொன்னாங்க. அப்புறம் சாப்பிட்டியான்னு கேட்டு வெச்சுட்டாங்க.

விடியக்காலை நாலு மணிக்கு புது வெர்ஷனை ஏத்தினோம். வெள்ளிக்கிழமை மதியம் வெளியே வந்துச்சு. சாயங்காலப் பாலுக்கு மெஷின் பேச ஆரம்பிச்சுடுச்சு. அன்னைக்குக் கால்ல அதே பன்னெண்டு பேரும் வர்ற வரைக்கும் காத்திருந்தேன். பையன் மாத்தினது சரி, எக்ஸெப்ஷனை முழுங்கினது நான், கண்டுபிடிச்சது அவன் போட்ட பட்டியல்னு சொல்லி மன்னிப்பு கேட்டேன். அவன் "இட்ஸ் ஓகே சார்"னான். அது ஓகே இல்லைன்னு எனக்குத் தெரியும்.

கால் முடிஞ்சு டீ குடிக்கும்போதுதான் சொன்னான், அவங்க அப்பாவும் எங்க சென்டர் ஒண்ணுலதான் பால் ஊத்தறார். அவங்க எருமைக்கு கொழுப்பு 7-க்கு மேல நிக்குமாம். வியாழன் காலை, சாயங்காலம், வெள்ளி காலைன்னு மூணு வேளையும் 6 விழுந்திருக்கு. மெஷின் காட்டினதை நோட்டுல எழுதி வெச்ச சென்டருக்கெல்லாம் பட்டுவாடாவுக்கு முன்னாடி கணக்கைத் திருத்திட்டோம். எழுதி வெக்காத சென்டர்ல போனது போனதுதான். அவங்க அப்பாவோட சென்டர்ல எழுதலை.

சனிக்கிழமை நான் மட்டும் வீட்டுல. பக்கத்து வீட்டு ஆஜி ஒரு தட்டுல மோதகம் குடுத்துட்டுப் போனாங்க. நம்ம பூரணக் கொழுக்கட்டைதான், மேல நெய் ஜாஸ்தி.

இப்ப எங்க டீம்ல ரெண்டு புது விதி. எக்ஸெப்ஷனை எவனும் முழுங்கக் கூடாது. புது ஆண்ட்ராய்ட் வந்தா, அது ஓடற போன் ஒண்ணு வாங்கின பிறகுதான் எண்ணை மாத்தணும். மூணாவது விதி எனக்கு மட்டும், அதை மானிட்டர்ல ஒட்டி வெச்சிருக்கேன். 'பால் ஆறட்டும்'. பார்க்கறவங்க காபிக்குன்னு நினைச்சுக்கறாங்க :-)