வெண்டைக்காய் நட்சத்திரம்

டிசம்பர் பிறந்ததும் பரணிலிருந்து தகரப் பெட்டி இறங்கும். பொம்மிடிப் பக்கம், பி.பள்ளிப்பட்டி லூர்து மாதா கோயில் மணிச்சத்தம் எட்டுகிற தூரத்தில் எங்கள் வீடு. பெட்டிக்குள் பிரவுன் ஷீட். ஜூனில் நோட்டுக்கு அட்டை போட்டு மிஞ்சியதும், போன கிறிஸ்துமஸுக்கு வந்த பொட்டலங்களைப் பிரித்து எடுத்து வைத்ததும் அதில் இருக்கும்.

அத்தை ஒவ்வொரு தாளையும் ஈரக்கையால் தடவி, செம்பில் தணல் போட்டுத் தேய்ப்பாள். சுருக்கம் போய்விடும், பழைய மடிப்புக்கோடு மட்டும் போகாது. ஆனாலும் தாள் கிழியாது, அதற்கு அவ்வளவு உரம். 1879-இல் டால் என்பவர் கண்டுபிடித்த 'கிராஃப்ட்' முறையில் செய்வது அது. 'கிராஃப்ட்' என்றால் ஜெர்மன் மொழியில் பலம். கூழை வெளுக்காமல் விடுவதால்தான் அந்தப் பழுப்பு.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற ஊரில் நாங்கள் கிறிஸ்துமஸுக்கே அடித்துவிடுவோம். மிஞ்சிய சுண்ணாம்பில் வேப்பம்பிசின் கரைத்து வைப்பாள் அத்தை. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் ஐந்து மூலை. அதைச் சுண்ணாம்பில் தொட்டுத் தாளில் ஒற்றுவது எங்கள் வேலை. ஒற்றியவுடன் ஒன்றும் தெரியாது, ஈரத்தடம்தான். காயக் காய, ஒவ்வொன்றாய் வெள்ளை நட்சத்திரம் எழும்பி வரும். அதைப் பார்க்க நாங்கள் தாளைச் சுற்றிக் குப்புறப் படுத்துக் கிடப்போம்.

அந்தத் தாளில் கட்டும் பொட்டலத்துக்குள் முறுக்கும் அதிரசமும். எண்ணெய் இறங்காமலிருக்க முதலில் வாழைச்சருகு, அதன்மேல் தாள், அப்புறம் சணல். கல்யாணப் பத்திரிகையின் எழுத்தில்லாத பக்கத்தை நறுக்கி, கோணி ஊசியால் துளைத்து, பேர்ச்சீட்டு கட்டுவாள். தெருவில் பாதிப்பேருக்குப் படிக்கத் தெரியாது. அந்த வீடுகளுக்குப் படம்: பால்காரருக்குச் செம்பு, தையல்காரருக்குக் கத்தரிக்கோல். தீபாவளிக்குப் பலகாரம் தந்த ஒரு வீடும் விடுபடாது. "அவங்கவங்களுதுன்னு பாத்ததும் தெரியணும் கண்ணு," என்பாள். பால்காரர் அந்தச் செம்புச் சீட்டை மாட்டுக்கொட்டகைத் தூணில் வருஷக்கணக்கில் தொங்கவிட்டிருந்தார்.

பூப்போட்ட பரிசுத்தாள் என்ற வியாபாரமே 1917-இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில், ஹால் சகோதரர்கள் கடையில் மெல்லிய தாள் தீர்ந்துபோய், உறைக்குள் ஒட்டும் தாளை எடுத்து விற்றதில் தொடங்கியது. எங்கள் தெருவுக்கு அது மினுமினுப்புத் தாளாக வந்து சேர்ந்தபோது அத்தைக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. செலோடேப் ஒட்டிய அந்தத் தாளைக் கிழித்துத்தான் பிரிக்க வேண்டும். அடுத்த வருஷத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. பெட்டி பரணிலேயே தங்கிவிட்டது.

அத்தை போனபின் திறந்தேன். அடியில் ஒரு சீட்டு, கோழிக்குஞ்சுப் படம். எழுத்துத் தெரியாத வயதில் எனக்குப் போட்டது.

அட்டை போட்டு மிஞ்சிய பிரவுன் ஷீட் உங்கள் வீட்டிலும் இருக்கும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டிசம்பர் வரை வைத்திருங்கள்.